கரையடி அம்மன் மாலை யாருக்கு?

ஓடைச்செவல் ஊராட்சிக்குச் சொந்தமாக ஒரு மண் அணை உண்டு. மலையில் கொட்டும் மழை ஊருக்குள் பாயாமல் தடுத்து, மதகு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடையில் விடுவதற்கென்று கட்டியது. இப்போது அதற்கு வயதாகிவிட்டது. கரையில் புல்லைவிட எலிவளைதான் அதிகம். அதனால் மழைக்காலம் முழுக்க மதகு திறந்தே கிடக்க வேண்டும் என்பது ஊராட்சியின் ஏற்பாடு. மழை ஓய்ந்ததும் கரையடி அம்மனுக்குப் பொங்கல் வைப்பார்கள். அந்த ஆண்டு கரையைக் காத்தவர் யாரோ, அவருக்குத்தான் அம்மன் கழுத்து மாலை.

ஊராட்சித் தலைவி வேலுத்தாய் கறாரான பெண். ஆனால் பெரியப்பா மகன் சீனிச்சாமி வந்து நின்றால் மட்டும் இளகிவிடுவாள். அவர் பிடுங்கிய சின்ன வெங்காயத்தை ஓடையோரத் தாழ்வில் நீளக் குவித்து, பட்டறை போட்டு மூடியிருந்தார்.

"தாயி, ஓடையில தண்ணி வந்தா ஈரம் ஏறி அழுகிப்போகும். லாரி வர்ற வரைக்கும் மதகை மூடிவை."

"சரிண்ணே. நீங்க ஏத்துற வரைக்கும் திறக்க மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தாள். மதகையும் மூடினாள்.

லாரி வரவில்லை, மழைதான் வந்தது. அணை நிறைந்து, கரையின் வெளிப்புற அடியில் நீர் கசிந்தது. முதல் நாள் தெளிவாகத்தான் இருந்தது. மறுநாள் கலங்கிச் சிவந்துவிட்டது. கரைமண்ணே கரைந்து வருகிறது என்று பார்த்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. அணையில் மீன் குத்தகை எடுத்திருந்த மொக்கராசு, ஆட்களோடு களிமண்ணைக் கொட்டி மிதித்து அந்த ஓட்டையை அடைத்தான். கூடியிருந்தவர்கள் கைதட்டி முடிப்பதற்குள், நாலு முழம் தள்ளி வேறோர் இடத்தில் செந்நீர் குமிழியிட்டது.

வேலுத்தாய் அதற்குமேல் லாரிக்காகக் காத்திருக்கவில்லை. கரை போனால் கீழே உள்ள அறுபது வீடும் போகும். சீனிச்சாமியின் வேலையாட்களை வயலைவிட்டு வரச் சொல்லி, அவர்கள் மேடேறியதைக் கண்ணால் பார்த்தபின் மதகை முழுக்கத் திறந்தாள். ஓடை கரைபுரண்டது. பட்டறை அப்படியே மிதந்து போயிற்று. அணையில் நீர் இறங்க இறங்கக் கசிவு தெளிந்து, பிறகு நின்றது.

பொங்கலன்று மூவரும் மாலைக்கு வந்து நின்றார்கள்.

"ஓட்டையை அடைச்சது நான்" என்றான் மொக்கராசு.

"வாக்கை மீறுனாலும், மதகைத் திறந்தது நான்" என்றாள் வேலுத்தாய்.

"கரைதான் உடையவே இல்லையே! ரெண்டு பேரும் சும்மா பதறுனீங்க. வெங்காயத்தைப் பறிகொடுத்தவன் நான், மாலையாவது எனக்குப் போடுங்க" என்றார் சீனிச்சாமி.

பூசாரி மாலையை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். நீங்களே சொல்லுங்கள்: கரையைக் காத்தது யார்?

விடை: மொக்கராசு ஓர் ஓட்டையைத்தான் அடைத்தான், உள்ளே அழுத்திய நீர் வேறு வழி தேடிக்கொண்டது. ஆபத்தே இல்லை என்ற சீனிச்சாமி, கசிவின் நிறத்தைக் கவனிக்கவில்லை. மதகு திறந்த பிறகுதான் அது தெளிந்தது. ஆகவே மாலை வேலுத்தாய்க்கே. ஆனால் கரைக்கு அந்த ஆபத்தை வரவழைத்தது யார்? மதகு வழக்கம்போல் திறந்து கிடந்திருந்தால், நீர் முழங்கால் அளவில் ஓடையோடு போயிருக்கும். பட்டறையின் ஓரம் நனைந்ததோடு சரி. அணையை நிரம்பவிட்டது அவள் கொடுத்த வாக்கு. கொடுத்திருக்கவே கூடாத வாக்கு அது. அது வேலுத்தாய்க்கும் தெரியும். மாலைக்காகக் குனிந்த தலையை அவள் வெகுநேரம் நிமிர்த்தவில்லை. என்ன பணிவு என்று ஊர் மெச்சிக்கொண்டது.