நடுவுல கெடந்த வரி

கோமுவோட லேப்டாப் கருப்பாயிடுச்சு. வெள்ளை எழுத்து மடமடன்னு ஓடி ஓரிடத்துல நின்னுச்சு. கர்சர் மட்டும் கண்ணடிச்சுட்டு கெடந்துச்சு.

மணி பத்து. பதினொண்ணுக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூ. மூணு வாரமா எழுதின ப்ரோக்ராம் கோடு அதுக்குள்ளதான் இருக்கு. வேற எங்கயும் காப்பி இல்ல.

விண்டோஸுக்குப் பதிலா இந்த செமஸ்டர்ல அவன் போட்ட அஞ்சாவது லினக்ஸ் இது.

லேப்டாப்ப மூடாமலே தூக்கிட்டு லைப்ரரிக்கு ஓடினான். வாசல் படிக்கட்டுல ஃபைனல் இயர் பெனாசிர் உக்காந்து ஜாம் பன் தின்னுட்டு இருந்தா. கம்ப்யூட்டர் சயின்ஸ் பிளாக்ல அவளுக்குப் பேரே குருதான். யாரோ கேலிக்கு வெச்சது, அப்படியே ஒட்டிக்கிச்சு.

"குருவே, ஒரே ஒரு டவுட்டு."

"கேளுல."

"புதுசா கத்துக்கிறவனுக்கு எந்த லினக்ஸ் நல்லது? க்ளாஸ் க்ரூப்ல கேட்டா உபுண்டுங்கான் ஒருத்தன். மின்ட்டுங்கான் ஒருத்தன். ஃபெடோரா போடாதவன் மனுஷனே இல்லைங்கான் இன்னொருத்தன். நீங்க ஒண்ணு சொல்லுங்க, இப்பவே போட்டுருதேன்."

புதுசு போடுறதுக்குன்னே வெச்சிருந்த பென்டிரைவ பாக்கெட்ல இருந்து எடுத்தான்.

"இப்ப இருக்கிறதுக்கு என்ன?"

"செத்துப்போச்சு. இதோட அஞ்சு." லேப்டாப்ப அவ பக்கம் திருப்பினான்.

"உள்ள கெடக்குற கோடு?"

"அதுவும் போச்சுக்கா. அழிச்சுட்டு புதுசா போட்டு, ஒரு மணி நேரத்துல எவ்வளவு எழுத முடியுதோ எழுதிருதேன்."

பெனாசிர் ஸ்கிரீன ஒரு தடவ பார்த்தா. பன்ன ஒரு கடி கடிச்சா.

"படி."

கோமுவுக்கு சுருக்குன்னுச்சு.

"படிக்காமலா கேக்கேன்? நெட்ல அம்பது லினக்ஸ் ரிவ்யூ படிச்சுருக்கேன். எதுக்கு எத்தன ஜிபி ராம் வேணும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்."

"படி."

கோமு கீழ குனிஞ்சு பார்த்தான். வழிய மறிச்சுட்டு நிக்கோம் போலன்னு ஒரு படி இறங்கி ஓரமா ஒதுங்கினான்.

பெனாசிருக்குப் புரையேறிடுச்சு. இருமி முடிச்சு, ஜாம் ஒட்டின விரல துப்பட்டாவுல துடைச்சு, ஸ்கிரீன் நடுவுல கொண்டுபோய் வெச்சா. எடுக்கவே இல்ல.

"அது எரருக்கா."

"எந்த மொழியில இருக்கு?"

"இங்கிலீஷ்."

"உனக்கு வராதோ?"

கோமு அவ விரலுக்குப் பக்கத்துல குனிஞ்சான்.

"ரூட் ஃபைல்சிஸ்டம் ஆன்... எஸ்டிஏ டூ... ரிகொயர்ஸ் எ மேனுவல் எஃப்எஸ்சிகே."

"தமிழ்ல."

"டிஸ்க்ல எஸ்டிஏ டூங்கிற பகுதிய நாமளே கையால செக் பண்ணணுமாம். எஃப்எஸ்சிகேன்னு கமாண்ட் குடுக்கணுமாம்."

"குடு."

குடுத்தான். அது ஒவ்வொண்ணா கேள்வி கேட்டுச்சு. இத சரி பண்ணவா? அத சரி பண்ணவா?

"நெறைய கேக்குதுக்கா."

"உன்னய விடக் கம்மிதான். பதில் சொல்லு."

ஆமான்னு ஒய் தட்டினான். ஒய். ஒய். பதினேழு தடவ. அப்புறம் ரீபூட்.

டெஸ்க்டாப் வந்துச்சு. ஃபோல்டரத் தொறந்தான். எல்லாம் இருந்துச்சு, கடைசியா பாதியில விட்ட ஃபங்ஷன் வரைக்கும்.

கோமு அந்தப் படியிலேயே உக்காந்துட்டான். மணி பத்தே கால்.

"குருவே, ரிவ்யூ முடிச்சுட்டு வாரேன். அப்ப சொல்லுங்க, எதப் போடட்டும்? இந்த மாதிரி படுத்தாத ஒண்ணா."

பெனாசிர் பன் கவர மடிச்சுக்கிட்டே கேட்டா.

"முன்னாடி நாலு போட்டியே. அதெல்லாம் என்னாச்சு?"

"அதுவும் இப்படித்தான். கருப்பாச்சு. அழிச்சுட்டேன்."

"அழிக்கிறதுக்கு முன்னாடி அது உன்கிட்ட என்ன சொல்லுச்சு?"

 

கையில இருந்த பென்டிரைவ எங்க வைக்கன்னு அவனுக்குத் தெரியல.

உங்க ஸ்கிரீனும் என்னைக்காவது இப்படிக் கருப்பாயிருக்கா? நடுவுல என்ன எழுதியிருந்துச்சு?