இரும்புப் பறவையோட மூணாவது ஊர்

இந்தக் கதைய எனக்கு முதல்ல சொன்னது உன் மங்கை அத்தை. பூங்காவுல ராட்டினம் ஏறுறவங்களுக்குப் பெல்ட்டு மாட்டிவிடுற வேலைக்குச் சேர்ந்த வாரம், சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே சொன்னா. நான் என் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்திருக்கேன். நீ ம் கொட்டணும், சரியா?

ஒரு ஊர்ல ஒரு இரும்புப் பறவை இருந்துச்சாம். நீலக் கலரு. றெக்கை கிடையாது. வளைஞ்சு வளைஞ்சு போற தண்டவாளம்தான் அதுக்கு வானம். ஜனங்களைக் குப்புறக் கட்டிக்கிட்டு சர்ர்ர்ருன்னு பறக்கும். முகத்துக்குக் கீழ பூமி ஓடுமா, அப்போ தாங்களே பறக்கிற மாதிரி கையை நீட்டுவாங்க. என்ன, நீயும் குப்புறப் படுத்துட்டியா? சரி, இரு.

அதோட மூக்குல ஒரு குட்டிக் கண்ணு. வழியில யாராவது நின்னா பார்த்துடும். பார்த்துட்டா யார் சொன்னாலும் நகராது.

முதல்ல அது இருந்தது பனி கொட்டுற தேசத்துல. அப்புறம் அங்க இன்னொரு பறவை வந்துச்சு, இதைவிட உசரம். ஜனமெல்லாம் அது பின்னால ஓடிடுச்சு. அப்போ இதைக் கழட்டி, எலும்பெலும்பா நம்பர் போட்டு, கப்பல்ல ஏத்திட்டாங்க. ம்?

ம்.

அப்புறம் ஒரு மணல் தேசம். அங்க வெயில்னா வெயில், இரும்பைத் தொட்டா சுர்ருங்கும். யாரும் கிட்ட வரலை. மறுபடி கழட்டு, மறுபடி கப்பல்.

மூணாவதா வந்து இறங்கினது நம்ம பக்கம், ஏரிக்கரைப் பூங்காவுக்கு. முதலாளி ஆவுடையப்பன் அதுகிட்டயே வந்து சொன்னாரு, "பறந்தா இங்கேயே இரு. பறக்கலைன்னா இரும்புக் கடைதான்." பறவைக்குப் பக்குன்னுச்சு. இரும்புக் கடைக்குப் போனா உலை. உலைக்குப் போனா ஆணியும் கம்பியும்தான். அப்புறம் ஏது பறக்கிறது?

தொறக்கிற நாள் வந்துச்சு. பூங்காவைப் பெருக்குற செண்பகம் விடிகாலைல குளிச்சிட்டு வந்தா. பொட்டு வைக்காம புது வண்டிய எடுப்போமா நாம? சக்கரத்துக்கெல்லாம் சந்தனம், குங்குமம். மூக்குல பளபளன்னு ஒரு இடம் தெரிஞ்சுச்சு. அதுக்குப் பெரிய பொட்டா வெச்சு, "முருகா, இது பத்திரமா இருக்கணும்"னு கும்பிட்டா. அதுதான் கண்ணுன்னு அவளுக்குத் தெரியாதே.

இப்போ பறவைக்கு எதிர்ல ஒரே சிவப்பு. யாரோ ஒரு அம்மா, சிவப்புப் புடவையில, வழியை மறிச்சு நிக்கிறாங்கன்னு நினைச்சுக்கிச்சு.

இன்ஜினியர் பெலிக்ஸ் பொத்தானை அமுக்கினாரு. டிக். சிவப்பு விளக்கு எரிஞ்சுச்சு. "வழியில ஆள் இருக்காம்," ன்னாரு. போய்ப் பார்த்தா ஒரு காக்கா கூட இல்லை.

அப்புறம் எண்ணெய் விட்டு அமுக்கினாரு. டிக். நகரலை. "எல்லைச்சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? அவர்தான் மறிக்கிறாரு," ன்னான் வாட்ச்மேன்.

"சும்மா இருய்யா. அவருக்கும் ஒரு டிக்கெட் குடு, உள்ள வரட்டும்," ன்னாரு முதலாளி. ஆனா அவருக்கு வேர்த்துக் கொட்டுது.

மூணாவதா கரண்ட்டையே அணைச்சு, மறுபடி போட்டு அமுக்கினாங்க. டிக். பறவை நெனச்சுச்சு, "நகர்ந்தா நான் பொழைப்பேன். அந்த அம்மா மேல மோதிட்டா? வேணாம், உலைக்கே போறேன்." அசையாம நின்னுச்சு.

முதலாளி இரும்புக் கடைக்குப் போன் போட்டுட்டாரு. லாரி வந்து டர்ர்ருன்னு நின்னுச்சு. ம்?

...ம்.

அப்போ செண்பகம் ஈரத்துணியோட வந்தா.

"இப்போ எதுக்கும்மா துடைக்கிற?" ன்னாரு பெலிக்ஸ்.

"சாமி பொட்டோட உலைக்கு அனுப்பக் கூடாதுங்க சார்."

பிள்ளைக்கு முகம் துடைக்கிற மாதிரி மெல்லத் துடைச்சா. ஒவ்வொரு சக்கரமா. கடைசியா மூக்கு.

சிவப்பு போச்சு. எதிர்ல யாருமே இல்லை. வெறும் வழி, அதுக்கு மேல வானம். விளக்கு பச்சையாச்சு.

பெலிக்ஸ் துணியைப் பார்த்தாரு, கண்ணைப் பார்த்தாரு, சிரிச்சுட்டாரு. செண்பகம் நாக்கைக் கடிச்சுக்கிட்டா. ஆளுக்குப் பதிலா மணல் மூட்டைகளைக் கட்டிப் பறக்க விட்டுப் பார்த்துட்டு, "முதல்ல நீ ஏறும்மா," ன்னாரு முதலாளி.

"ஐயோ, குப்புறவா?"

"பின்ன, பறவை மல்லாக்கவா பறக்கும்?"

ஏறினா. கடகடகட... சர்ர்ர்ர்ர்! கீழ ஏரி, அவ வீட்டு ஓடு, வேலியில காயுற அவ புடவை. பறவை இந்த ஊரைவிட்டு அப்புறம் போகவே இல்லை. பொட்டு இப்பவும் உண்டு, வாலுல.

லாரி வெறும் லாரியாப் போச்சு. பறவை கூடு சேர்ந்துச்சு, கதையும் சேர்ந்துச்சு. நீ பறந்தது போதும் கண்ணு, திரும்பிப் படு.