ஒரு கை பெருத்த நண்டு

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது தைலம்மை அக்கா. கழிமுகத்துச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர். என் மூத்தவள் வயிற்றில் இருந்த வருஷம், மழையில் நின்றுபோன பேருந்துக்குள் இருவரும் முடங்கிக் கிடந்தபோது சொன்னார்.

அந்தக் காலத்தில் நண்டும் மீனும் மரமும்கூட வாய் திறந்து பேசும். ஆறு கடலில் சேரும் இடத்தில், அலையாத்தி மரத்தடிச் சேற்றில், வளையன் என்றொரு நண்டு குடியிருந்தான். இரண்டு கையும் ஒரே அளவு. பெண்டாட்டி செவத்திக்கு வயிறு நிறைய முட்டை.

வளையனுக்குச் சுத்தம் என்றால் உயிர். மரம் பழுத்த இலையை உதிர்த்தால் பொறுக்கமாட்டான். செத்த மீன், கொக்கின் எச்சம், மக்கிய குச்சி எல்லாவற்றையும் வாரி, தண்ணீர் கடலுக்கு இறங்கும் நேரம் பார்த்துத் தள்ளிவிடுவான். "பிள்ளைகள் பிறக்கிற இடம் கோயில் மாதிரி இருக்க வேண்டாமா?" என்பான்.

கோயில் மாதிரிதான் ஆனது. ஆனால் ஒருநாள் செவத்தி சேற்றை அள்ளி வாயில் வைத்துவிட்டுத் துப்பினாள்.

"என்னங்க, வெறும் மண்ணா இருக்கு! பௌர்ணமி வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் இந்த முட்டைகளைச் சுமந்துகிட்டு வேற கரைக்குப் போயிடுவேன்."

வளையனுக்குத் தலை சுற்றியது. அதே சேறுதானே? இதில் யார் எதை எடுத்தார்கள்?

கொக்குதான் திருடியிருக்கும் என்று அதனிடம் போனான்.

"நானா? மீன் கண்ணில் பட்டு எத்தனை நாளாச்சு! கெளுத்தியைப் போய்க் கேள்" என்றது கொக்கு.

"இறால்குஞ்சே இல்லை, நான் என்னத்தைத் தின்ன?" என்றது கெளுத்தி.

மிச்சமிருந்த ஒரே இறால்குஞ்சு, "ஊறின இலையில் படிகிற வழவழப்புதான் எங்கள் சோறு. இலையே காணோமே அண்ணே!" என்று அழுதது.

குப்பையைப் போய் யாராவது தின்பார்களா? வளையனுக்கு இன்னும் குழம்பியது. அண்ணாந்து பார்த்தால் மரமும் வெளிறிப்போய் நின்றது. அப்படியானால் குறை மேலேதான் என்று முடிவு செய்தான்.

"சூரிய ஐயா, கொடுப்பதைக் குறைத்துவிட்டீர்களா?"

"அதே வெயில்தானப்பா. மரம் வாங்கி இலையாக்குது. இலை இறாலுக்கு, இறால் கெளுத்திக்கு, கெளுத்தி கொக்குக்கு. கைமாறக் கைமாற என் சூடு கரைந்து போகும், திரும்பி வராது. அதனால்தான் தினம் விடியலில் மறுபடி வருகிறேன். ஆனால் மரம் சேற்றிலிருந்து உறிஞ்சிய சாரத்தை என்னால் கொண்டுவர முடியாது. அது உங்களுக்குள்ளேயே சுற்ற வேண்டியது. அது எங்கே?"

"எனக்கென்ன தெரியும்" என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கண் கீழே போனது. தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. சற்றுமுன் அவன் தள்ளிவிட்ட இலை கடலைப் பார்த்து மிதந்து போனது.

கடவுளே என்று பாய்ந்தான். கால்களால் வேரைக் கவ்விக்கொண்டு ஒரு கையால் இலையைப் பிடித்தான். கடல் இழுத்தது. அவன் விடவில்லை. தண்ணீர் மறுபடி ஏறும்வரை இழுபறி. அதற்குள் அந்தக் கை அவன் உடம்பைவிடப் பெரிதாக வீங்கிவிட்டது.

அதற்குப் பிறகு விழுந்த இலை எதையும் அவன் தள்ளவில்லை. எல்லாம் சேற்றிலேயே ஊறியது. பௌர்ணமி அன்று செவத்தி ஒரு வாய் அள்ளிப் பார்த்தாள். துப்பவில்லை.

"போகலையா?" என்றான்.

"நான் ரெண்டு கையால அள்ளித் தின்னுவேன். இந்த உலக்கையை வச்சுக்கிட்டு நீங்க எப்படித் தின்னப்போறீங்க? அதைப் பார்க்கவாவது இருக்கேன்."

குப்பை எப்படிச் சோறானது என்பது வளையனுக்குக் கடைசிவரை முழுசாகப் புரியவில்லை. ஆனால் அன்றிலிருந்துதான் அந்தச் சேற்று நண்டில் ஆணுக்கு ஒரு கை மட்டும் பெருத்திருக்கிறது. தண்ணீர் இறங்கியதும் வெளியே வந்து, "போதும், விட்டுட்டுப் போ" என்று கடலைப் பார்த்து அதை ஆட்டுகிறது. சின்னக் கையால் சேற்றை எடுத்து, சாரத்தை மட்டும் சப்பிவிட்டு, மண்ணை உருண்டையாக அங்கேயே திருப்பி வைக்கிறது.

நாளைக்கு முற்றம் கூட்டும்போது, வேப்பஞ்சருகைக் கொளுத்தாமல் மரத்தடியிலேயே தள்ளிவிடு, கண்ணு.