தீர்ப்புக்குச் சூடம் காட்டிய தளவாய்

முன்னொரு காலத்தில், ஓலையைக் கண்டால் கும்பிடு போடும் ஒரு நாடு இருந்தது. எந்த உத்தரவு வந்தாலும் அந்நாட்டு அதிகாரிகள் எழுந்து நின்று, இரு கையாலும் ஓலையை வாங்கி, கண்ணில் ஒற்றித் தலைமேல் வைத்துக்கொள்வார்கள். அதற்கப்புறம் என்ன செய்வார்கள் என்று கேட்கிறீர்களா? மறுபடி உட்கார்ந்துகொள்வார்கள்.

அங்கே அறமன்றம் என்று ஒன்று உண்டு. அதன் தீர்ப்புக்கு அரசனும் கட்டுப்பட்டவன் என்று முடிசூடும்போதே சத்தியம் வாங்கிவிடுவார்கள். சேனைக்குத் தலைவரான தளவாய் மாறப்பர், தம் குதிரை லாயத்துக்காக நெசவாளர் தெருவிலிருந்து ஊருணிக்குப் போகும் வழியில் மதில் எழுப்பிவிட்டார். பேச்சாயி என்ற நெசவுக்காரி வழக்குத் தொடுத்தாள். மதிலை இடித்து வழிவிட வேண்டும் என்று மன்றம் தீர்ப்புச் சொல்லி, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று ஓலை அனுப்பியது. தளவாய் மூன்றையும் பட்டில் சுற்றிப் பூஜை அறையில் வைத்தார். மதிலில் ஒரு கல்கூட அசையவில்லை.

ஆறு மாதம் பொறுத்துப் பார்த்த பேச்சாயி, வெறுங்குடத்தோடு அரசவைக்கே வந்துவிட்டாள்.

"சாமி, மலையைச் சுத்திப் போயித்தான் தண்ணி கொண்டாறோம். எம் மருமக, நெறமாசக்காரி, வழுக்கி விழுந்து காலை ஒடிச்சிக்கிட்டா. வழக்குல நாந்தான் ஜெயிச்சேங்கிறாங்க. ஜெயிச்சவ வீட்டுல ஏன் சாமி தண்ணி இல்ல?"

தளவாய் எழுந்தார். "அரசே, தீர்ப்பை நான் அவமதித்தேன் என்று யாராவது சொல்லட்டும்! நாள்தோறும் அதற்குப் பூப்போட்டுச் சூடம் காட்டுகிறேன்."

"அதுதானே!" என்றார் அரசர்.

விகடகவி விடங்கன் மட்டும் தொண்டையைக் கனைத்தான். அவனைக் கண்டாலே தளவாய்க்கு ஆகாது. "அரசே, விடங்கனுக்கு அவ்வளவு அக்கறை இருந்தால் நாளைப் பொழுது சாய்வதற்குள் அவனே தீர்ப்பை நிறைவேற்றட்டும். மதிலை அவன் தொடக் கூடாது. என்னிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. முடியாவிட்டால் நாட்டைவிட்டுப் போகட்டும்" என்றார்.

அரசருக்குப் போட்டி என்றால் அல்வா. உடனே தலையாட்டினார்.

"அப்படியே ஆகட்டும், அரசே. நாளை ஒருநாள் அரண்மனை மடைப்பள்ளி மட்டும் என் பொறுப்பில் இருக்கட்டும்" என்றான் விடங்கன்.

அந்த அரண்மனையில் இட்லிக்கும் ஓலைதான். மறுநாள் காலை அரசரின் ஓலை மடைப்பள்ளிக்கு வந்தது. விடங்கன் எழுந்து நின்று வாங்கினான், கண்ணில் ஒற்றினான், தலைமேல் வைத்தான், உட்கார்ந்தான். அடுப்பில் பூனை தூங்கியது. நடுப்பகலில் இரண்டாம் ஓலை வந்தது. அதற்கு நாதஸ்வரம் வைத்தான். மூன்றாம் ஓலைக்கும் பதில் வராமற்போகவே, தளவாயையும் கூட்டிக்கொண்டு அரசரே வந்தார். மூன்று ஓலைகளும் பட்டுக்குள் மாலையோடு வீற்றிருக்க, சமையற்காரர்கள் வரிசையாக விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"விடங்கா, சோறு எங்கே?"

"அரசே, தங்கள் ஆணையை நான் அவமதித்தேன் என்று யாராவது சொல்லட்டும்!"

"அடப்பாவி! கும்பிட்டால் வயிறு நிறையுமா?"

"பேச்சாயியும் நேற்று அதைத்தான் கேட்டாள், அரசே."

அரசர் தம் வாயைப் பொத்திக்கொண்டார். நேற்று 'அதுதானே' என்று சொன்ன வாய் அது. நியாயம் அவருக்கு முந்தைய நாள் காது வழியாக ஏறவில்லை. அன்று வயிற்று வழியாக ஏறியது.

"இப்போது என்ன செய்ய வேண்டும்?" என்றார் மெதுவாக.

"உலை வைக்க வேண்டும், அரசே. ஊருணியிலிருந்து நேர்வழியாகப் பேச்சாயி கொண்டுவரும் தண்ணீரில்தான் வைப்பேன்."

அரசர் திரும்பினார். "மாறப்பரே, எனக்குப் பசிக்கிறது."

தளவாய் பதறிப்போய், "இதோ, இப்போதே ஓலை எழுதச் சொல்கிறேன், அரசே!" என்றார்.

"ஓலையா? கடப்பாரையை எடும்!"

பொழுது சாய்வதற்குள் மதில் தரைமட்டமானது. பேச்சாயி தன் வீட்டுக்கு இரண்டு நடை தண்ணீர் எடுத்துவிட்டு, மூன்றாவது குடத்தைத்தான் அரண்மனைக்குக் கொண்டுவந்தாள். அதுவரை அரசர் வெற்று இலைமுன் உட்கார்ந்து காத்திருந்தார்.

மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டபின் அரசருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "விடங்கா, உனக்கு நூறு வேலி நிலம் தருகிறேன். எங்கே எழுத்தர்? ஓலை எழுதுங்கள்!"

விடங்கன் அவர் காலைப் பிடித்துக்கொண்டான். "ஐயோ அரசே, அவ்வளவு பெரிய மரியாதை எனக்கு வேண்டாம். கழுத்தில் கிடக்கும் அந்த முத்துமாலையைக் கழற்றி, இப்போதே கையில் கொடுத்துவிடுங்கள்!"