துண்டுக்குள் பிடித்த விரல்

"மோசக்காரன்! ஆளை நல்லா உருட்டித் திரட்டிக் கொடுத்துட்டு, மூச்சை மட்டும் ஒளிச்சு வச்சுக்கிட்டானே! இப்படியும் ஒரு யாவாரம் உண்டாம்மா?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் குருவின் வாசலில் நின்று கத்தினார் மாட்டுத் தரகர் மாயழகு. யாரைத் திட்டுகிறோம் என்று அவருக்கே தெரியாது. ஆண்டவனோ, டாக்டரோ, எவனோ ஒருத்தன். தோளில் துண்டு, கையில் லட்டுப் பெட்டி. பேரன் பிறந்தால் முதல் இனிப்பு குருவுக்கு என்று வைத்திருந்தார். காலையில் பிறந்துவிட்டான், பார்த்தவர்கள் வாயைப் பிளக்கிற கனம். ஆனால் மூச்சு இழுக்க இழுக்க நெஞ்சு உள்ளே போயிற்று. இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் குழாயோடு கிடக்கிறான்.

குரு தவமணி அவரைவிட வயதில் இளைய பெண்மணி. மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்திய வேலையை உதறிவிட்டுத் தியானத்தில் உட்கார்ந்தவர்.

"டாக்டர் என்ன சொல்றாங்க?"

"நுரையீரல் விளையலையாம். சோப்பு மாதிரி ஒண்ணு உள்ளே ஊறணுமாம், ஊறலையாம். தூக்குனா கை வலிக்குது, அவனுக்கா விளையலை? எவன் செஞ்ச மோசம்னு சொல்லுங்க. சிக்குனான்னா விடமாட்டேன்."

"உட்காருங்க தரகரே. சந்தையில விலையை வாயால சொல்லுவீங்களா?"

"சொன்னா தரகு நாறிப்போகும். கை மேல துண்டைப் போட்டு, விலைக்குத் தக்க விரலைப் பிடிச்சாப் போதும். பிடிபட்டவனுக்கு மட்டும்தான் தெரியும்."

"வயித்துக்குள்ளேயும் அப்படித்தான். பிள்ளையோட தலைக்குள்ள இருந்து சின்னச் சேதி ஒண்ணு கிளம்பும். ஹார்மோன்னு பேரு. அது ஒரு சுரப்பியோட விரலைப் பிடிக்கும், அந்தச் சுரப்பி அடுத்ததைப் பிடிக்கும். கடைசியில நுரையீரலைத் தொட்டு, வெளியே போற நேரம் வருது, தயாராகுன்னு சொல்லும். ஒரு சத்தம் இருக்காது."

தவமணி அவர் துண்டை வாங்கி இருவர் கையையும் மூடினார். உள்ளே அவர் விரல்களில் சிலவற்றைப் பிடித்தார்.

"மூணு" என்றார் மாயழகு. அதில் அவரை அசைக்க முடியுமா?

தவமணி இன்னொரு கையால் பெட்டியைத் திறந்து, துண்டுக்குள் அவர் உள்ளங்கையில் ஒரு லட்டை வைத்தார். மேலே இன்னொன்றை வைத்து அழுத்தினார்.

"இப்ப?"

"என்னம்மா விளையாட்டு? கை நிறைய லட்டை அடைச்சுட்டு விரலைக் கேட்டா எங்கே தெரியும்?"

"தாய் ரத்தத்துல சர்க்கரை ஏறினா தொப்புள்கொடி வழியாப் பிள்ளைக்கும் போகும், பிள்ளை உடம்புல இன்சுலின் பெருகும். அதுவும் ஒரு சேதிதான். சேர்த்து வை, சதை போடுங்கிற சேதி. அது பிடிச்ச கையை லேசில விடாது. பிள்ளை கொழுக்கும். நுரையீரலுக்குச் சொன்னது அங்கே போய்ச் சேராது."

மாயழகின் பார்வை லட்டுப் பெட்டியில் போய் நின்றதைத் தவமணி கவனித்தார்.

மகளுக்குச் சர்க்கரை கூடிவிட்டது, இனிப்பே ஆகாது என்று டாக்டரம்மா சொன்னபோது, "ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணு, படியுமா?" என்று பேரம் பேசியவர் அவர். படியவில்லை. லட்டை மடியில் மறைத்துக் கொண்டுபோனார். "வேண்டாம்ப்பா" என்றாள் மகள். "தின்னு தாயி, என் பேரன் காளைக்கன்னாட்டம் வந்து விழணும்" என்று ஊட்டினார். ஒவ்வொரு தடவையும் ஊட்டினார்.

மறு கையால் பெட்டியை மூடிவிட்டு, "பிழைச்சுக்குவானாம்மா?" என்றார்.

"குழாய் வழியா மருந்து விட்டிருப்பாங்க. உள்ளே ஊறுற வரைக்கும் மிஷின் தாங்கும். கொடி அறுந்துருச்சு, இனி லட்டு வராது. பெரும்பாலும் தேறிடுவான்."

அவர் மூச்சு விட்டார்.

"மக எப்படி இருக்கா?"

"நான் தின்னதாலதான்னு சுவத்தைப் பார்த்துப் படுத்திருக்காளாம். அவ ஆத்தா சொன்னா. நான் இன்னும் உள்ளே போகலை."

தவமணி துண்டை உருவிக்கொண்டார். உதிர்ந்த லட்டோடு மாயழகின் கை அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது.

"சிக்குனா விடமாட்டேன்னீங்களே தரகரே, விடாதீங்க. அந்த ஆளை இழுத்துட்டுப் போய் உங்க மக கட்டில் பக்கத்துல நிறுத்துங்க. துண்டு இங்கேயே கிடக்கட்டும். இன்னைக்காவது, தப்பு தன்னோடதுன்னு அவனை வாயைத் திறந்து சொல்லச் சொல்லுங்க."