தும்பையின் பாதிப் பின்னல்

முன்னொரு காலத்தில், கடல் இப்போது இருப்பதைவிடக் கொஞ்சம் தள்ளி இருந்த காலத்தில், நீலத்துறை என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டு அரண்மனையில் கோமளம் என்றொருத்தி வேலை பார்த்தாள். அவளுக்குத் தெரியாத வேலை கிடையாது. முத்துக் கோக்கவும் தெரியும், பாகு காய்ச்சவும் தெரியும், வயிறு சரியில்லாத யானைக்கு மருந்து உருட்டவும் தெரியும். வேலை தெரிந்தவளை யார் சும்மா விடுவார்கள்? ராணி கூப்பிடுவாள், சமையல்காரர் கூப்பிடுவார், யானைப்பாகன் கூப்பிடுவான். யார் கூப்பிட்டாலும் அவள் வாயிலிருந்து வருவது ஒரே பேச்சுதான்.

"இதோ வந்துட்டேன்!"

சரம் பாதி கோத்திருப்பாள், சமையலறையிலிருந்து குரல் வரும். "இதோ வந்துட்டேன்!" பாகு பாதி காய்ந்திருக்கும், யானைக் கொட்டாரத்திலிருந்து குரல் வரும். "இதோ வந்துட்டேன்!" காலையிலிருந்து பம்பரமாகச் சுழலுவாள். பொழுது சாய்ந்ததும் கால் நீட்டி உட்கார்ந்து, இன்றைக்கு என்னதான் செய்தோம் என்று யோசித்தால், முழுசாக ஒன்றுகூட நினைவுக்கு வராது. பாவம், அவளைச் சோம்பேறி என்று சொன்னால் அந்த நாக்கு அழுகிவிடும். அத்தனை பாடு படுவாள். உங்களில் சிலர் இப்போது தலையைக் குனிந்துகொள்கிறீர்கள், எனக்குத் தெரிகிறது. நிமிர்ந்து உட்கார்ந்து கேளுங்கள்.

அந்த நாட்டுக்கு வடக்கே குறைமலை இருந்தது. அதன் குகையில் பாதிராயன் என்ற மந்திரவாதி இருந்தான். அவனுக்குப் பாதி மீசை, பாதிச் சட்டை. ஒரு காது மனிதக் காது, மற்றது மான் காது. ஒருவர் ஒரு வேலையைப் பாதியில் விட்டு, விட்டதையே மறந்துபோனால், பொழுது சாயும்போது அது அவன் குகைக்குப் போய்விடும். பாதி முடைந்த பாய், பாதி கட்டிய தொட்டில், பாதி பாடிய தாலாட்டு, எல்லாம் அவனுக்கு. ஊர் ஜனங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாதிப் பாய் போனால் யாருக்கு என்ன நஷ்டம்?

கோமளத்துக்கு ஆறு வயதில் ஒரு மகள் இருந்தாள், தும்பை என்று பெயர். ஒருநாள் காலையில் தும்பையை முற்றத்தில் உட்கார வைத்துத் தலை பின்னினாள். இடது சடை முடிந்தது. வலது பக்கம் முடியைப் பிரித்து இரண்டு மடிப்புப் பின்னியிருப்பாள், தாதி ஓடி வந்தாள்.

"கோமளக்கா, ராணியம்மா கூப்பிடுறாங்க!"

"இதோ வந்துட்டேன்!" என்றாள் கோமளம். மகளைப் பார்த்து, "அசையாம உக்காந்திரு கண்ணு, அம்மா இதோ வந்துட்டேன்" என்றாள்.

ராணியிடமிருந்து சமையலறைக்குப் போனாள். சமையலறையிலிருந்து கொட்டாரத்துக்குப் போனாள். அங்கிருந்து மறுபடி ராணியிடம். பெற்ற பிள்ளையை மறந்தாள் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. ஆனால் மறந்துதான் போனாள். பொழுது சாயும் நேரத்தில் நெஞ்சில் சுருக்கென்றது. ஓடி வந்து பார்த்தால் முற்றத்தில் சீப்பு கிடந்தது, ரிப்பன் கிடந்தது. தும்பை இல்லை.

"தும்பை! தும்பை!" என்று கதறினாள். கிணற்றடியில் தேடினாள், தோட்டத்தில் தேடினாள், கொட்டாரத்தில் தேடினாள்.

ஈச்சமரத்திலிருந்து ஒரு தூக்கணாங்குருவி கூப்பிட்டது. "அக்கா, இங்க தேடாதீங்க. பாதிராயன் கொண்டுபோயிட்டான்."

"குழந்தையையா? குழந்தை என்ன பாயா, தொட்டிலா?"

"பாதிப் பின்னலோட இருந்துச்சே. காலையிலேருந்து அந்த இடத்தை விட்டு நகரல. நான் பழம் கொண்டாந்து போட்டேன், அதுக்கும் கை நீட்டல. அம்மா அசையாதேன்னு சொன்னாங்கன்னு சொல்லிச்சு."

கோமளம் தலையில் அடித்துக்கொண்டாள். குருவி கீழ்க்கிளைக்கு இறங்கி வந்தது.

"அழாதீங்க. நானும் மூணு கூட்டைப் பாதியில விட்டவன்தான், எனக்கு அந்தக் குகை தெரியும். போய்ப் பின்னி முடிச்சா புள்ளை உங்களுக்கு. ஆனா நடுவுல எந்திரிக்கக் கூடாது. நீங்க வழக்கமா சொல்லுவீங்களே ஒரு பேச்சு, அதை அங்க வாய் தவறிக்கூடச் சொல்லிடாதீங்க. சொன்னா புள்ளை திரும்பவே திரும்பாது."

சீப்பையும் ரிப்பனையும் மடியில் கட்டிக்கொண்டு கோமளம் குறைமலைக்கு ஓடினாள்.

குகைக்குள் எப்போதும் அந்திதான், பகலும் இல்லை, இரவும் இல்லை. அதன் கடைக்கோடியில் ஒரு விளக்கடியில் தும்பை முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கோமளம் பாய்ந்து போகப் பார்த்தாள். முடியவில்லை. பாதி வேலைகள் எல்லாம் அவள் காலைச் சுற்றிக்கொண்டன.

"என்னைக் கட்டி முடி!" என்றது தொட்டில்.

"என்னைக் கோத்து முடி!" என்றது முத்துச் சரம்.

"என்னைப் பாடி முடி!" என்றது தாலாட்டு.

எல்லாமே அவள் விட்டவைதான். மனசு கேட்கவில்லை அவளுக்கு. உட்கார்ந்து தொட்டில் கயிற்றை முறுக்கினாள். உடனே சரம் அழுதது, அதை எடுத்தாள். தாலாட்டு விம்மியது, சரத்தைப் போட்டுவிட்டு அதன் பக்கம் திரும்பினாள். நிமிர்ந்து பார்த்தபோது விளக்கு மங்கியிருந்தது, தும்பையின் உருவம் புகையாகிக்கொண்டிருந்தது.

கோமளம் தொட்டிலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"உன்னை நான் முடிக்கப் போறதில்ல. இனி எப்பவும் முடிக்க மாட்டேன். ஆசையாத்தான் ஆரம்பிச்சேன், என்னை மன்னிச்சுடு."

என்ன ஆச்சரியம்! தொட்டில் பெருமூச்சு விட்டது. கயிறு தானாக அவிழ்ந்தது, நார் நாராகப் பிரிந்தது, தும்பிகளாகிப் பறந்து போனது. இத்தனை காலமும் அது கேட்டது இவ்வளவுதான், ஒரு பதில். சரத்துக்கும் சொன்னாள், தாலாட்டுக்கும் சொன்னாள். வழி திறந்தது.

மகளின் பின்னால் போய் உட்கார்ந்தாள். குழந்தை பேசவில்லை, திரும்பவில்லை, தொட்டால் ஜில்லென்றிருந்தாள். கோமளம் முடியை மூன்றாகப் பிரித்தாள். வலது மேலே, இடது மேலே, இழுத்து விடு. வலது மேலே, இடது மேலே, இழுத்து விடு.

பாதிராயன் இருட்டிலிருந்து வெளியே வந்து கை தட்டினான். வெளியே ராணியின் குரல் கேட்டது.

"கோமளம்! சபைக்கு நேரமாச்சு, முத்து மாலை பாதியில நிக்குது, ஓடி வா!"

'இதோ' என்பது தொண்டை வரை வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். வலது மேலே, இடது மேலே, இழுத்து விடு.

மறுபடி கை தட்டினான். சமையல்காரரின் குரல் கேட்டது.

"அம்மா கோமளம், பாகு முறுகுது, கிண்ட ஆளில்லம்மா!"

இந்த முறை கோமளம் வாய் திறந்தாள். "இப்ப வர முடியாதுங்கய்யா. என் பொண்ணுக்குத் தலை பின்னிக்கிட்டிருக்கேன்." அவள் பிறந்ததிலிருந்து யாரிடமும் இப்படிச் சொன்னதில்லை. சொன்ன பிறகு வானம் இடிந்து விழவில்லை, சமையல்காரரின் குரல்தான் அடங்கிப் போனது. வலது மேலே, இடது மேலே, இழுத்து விடு.

மூன்றாம் முறை கை தட்டினான். வெளியிலிருந்து தும்பையே கூப்பிட்டாள்.

"அம்மா! நான் இங்க இருக்கேம்மா! பயமா இருக்கு, வாம்மா!"

கோமளத்தின் கை நின்றது. முன்னால் இருப்பது பேசாத, சில்லிட்ட பிள்ளை. வெளியே அழுவது அவள் மகளின் குரல். எழுந்திருக்க முழங்கால் மடங்கியது. அந்தத் தவிப்பில் முடியை ஒதுக்கியபோது, காதுக்குப் பின்னால் அரிசி அளவு ஒரு தழும்பு தெரிந்தது. நடை பழகும்போது அம்மிக்கல்லில் விழுந்து பட்ட காயம். அதற்கு மஞ்சள் வைத்து, மடியில் போட்டு ஊதி ஊதி ஆற்றியவள் கோமளம்தான். தழும்பில் முத்தமிட்டாள். "என் பிள்ளை இதுதான்" என்றாள். வலது மேலே, இடது மேலே, இழுத்து விட்டு, ரிப்பனைச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

குழந்தையின் உடம்பில் சூடு வந்தது. மெல்லத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா, நான் அசையவே இல்லம்மா."

அவ்வளவுதான். கோமளம் மகளை அள்ளி எடுத்துக்கொண்டு அழுதாள். "அம்மா வந்துட்டேன்னு பொய் சொல்லிட்டேன்டா. என் தப்புதான்" என்றாள். தும்பை தன் சின்னக் கையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

பார்த்தால், பாதிராயனும் அழுதுகொண்டிருந்தான்! "இந்தக் குகையில யாரும் எதையும் முடிச்சதே இல்ல" என்றான்.

கோமளத்துக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அவனுடைய மான் காது நடுங்குவதைப் பார்த்ததும் அவள் மனசு இளகியது. "உன்னை யாருப்பா பாதியில விட்டது?" என்று கேட்டாள்.

"நான் மான்குட்டியா இருந்தேன். ஒரு பெரிய மந்திரவாதி என்னை மனுஷனாக்க ஆரம்பிச்சாரு. வாசல்ல யாரோ கூப்பிட்டாங்க, போனாரு. வந்து முடிப்பாருன்னு காத்திருக்கேன். என்னை மாதிரிப் பாதியா நிக்கிறதை எல்லாம் துணைக்கு வச்சுக்கிட்டேன்."

"அவர் வரமாட்டாருப்பா" என்றாள் கோமளம். யாராவது ஒருவர் அதைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? "உன்னை முடிக்க எனக்கு மந்திரம் தெரியாது. காத்திருக்கிறதை விடணும்னா அதை நீயேதான் சொல்லணும்."

பாதிராயன் வெகுநேரம் குகை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "இனி நான் காத்திருக்கப் போறதில்ல" என்றான்.

அந்தி விலகியது. குகைக்குள் பளீரென்று காலை வெயில் பாய்ந்தது. பாதி மீசையும் பாதிச் சட்டையும் உதிர்ந்தன. ஒரு புள்ளிமான் எழுந்து நின்று, உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, தும்பையின் உள்ளங்கையை ஒருமுறை நக்கிவிட்டுக் காட்டுக்குள் ஓடியது.

விஷயம் அரண்மனைக்குத் தெரிந்தது. ராணி தானே நடந்து கோமளத்தின் வீட்டுக்கு வந்தாள். "நீ ஓடினதை நாங்க பார்த்தோம், உனக்குக் கால் வலிக்கும்னு ஒருத்தரும் நினைக்கல" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து கோமளத்தின் கையில் ஒரு வேலை இருக்கும்போது அவளை யாரும் கூப்பிடக் கூடாது என்று நாடெங்கும் முரசு அறைந்தார்கள். கடலோரத்தில் அவளுக்கு ஒரு வீடும் கொடுத்தார்கள். ஒன்றை எடுத்து, முடித்து, அப்புறம் அடுத்ததைத் தொட்டதில் அவளுக்கு மத்தியானத்திலேயே வேலை ஓய்ந்துவிடும். அப்புறம் தாயும் மகளும் மணலில் காலை நீட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள். தும்பை ஓயாமல் பேசுவாள். கோமளம் கடைசி வார்த்தை வரைக்கும் கேட்பாள்.

கேட்டவர்களுக்குக் கை நிறைய வேலையும், வேலை முடிந்து தலை சாய்க்க ஒரு மடியும் கிடைக்கட்டும்.