பளபளப்பான பக்கத்தில் ஒரு சுழி

"டீச்சர், இன்னைக்கும் போச்சு" என்றார் கோமதிநாயகம்.

கடையநல்லூரில் நாற்பது வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவர் அவர். வயது ஐம்பத்தொன்பது. அவருக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் ரஹ்மத் நிஷா டீச்சருக்கு இருபத்து நாலு. அதில் இரண்டு பேருக்குமே கூச்சம் இல்லை.

"எத்தனாவது சிடி, அண்ணாச்சி?"

"பதினேழு."

"எங்க நிக்கி?"

"பூஜ்யம் பர்சென்ட்லயே நிக்கி. ஒண்ணுகூட ஆக மாட்டேங்கு. பவர் காலிபரேஷன் எரர்னு ஒரு வரி போடுது, சிடியைத் துப்பிருது."

"வேகத்தைக் குறைச்சீங்களா?"

"குறைச்சாச்சு."

"லென்ஸைத் துடைச்சீங்களா?"

"துடைச்சாச்சு. மூணு கம்பெனி சிடியும் மாத்தியாச்சு. டப்பால இன்னும் ஒண்ணுதான் கிடக்கு."

டீச்சர் கம்ப்யூட்டர் சென்டர் மேஜையை விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

"நான் கேக்காத கேள்வி ஏதோ ஒண்ணு இருக்கு."

"என்ன கேள்வி?"

"அது தெரிஞ்சா கேட்டிருக்க மாட்டேனா? நாளைக்குக் காலைல வீட்டுக்கு வாரேன்."

விஷயம் இதுதான். கோமதிநாயகத்தின் மனைவி ஆவுடையம்மாளுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகி மூன்று மாதம். உயிர் பிழைத்தாள், குரல் போய்விட்டது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் கம்ப்யூட்டரில் மைக்கை மாட்டி அவளைப் பேச உட்கார வைத்தார். "நீங்க வெளிய போங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். இருபத்தேழு நிமிஷம் பேசினாள். வெளியே நின்றவருக்குத் தன்னை ஏசியது மட்டும்தான் கேட்டது.

அதை அவர் இதுவரை போட்டுக் கேட்கவில்லை. தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

இப்போது அந்தக் கம்ப்யூட்டருக்குள் ஹார்ட் டிஸ்க் கடகடக்க ஆரம்பித்திருந்தது. அது போனால் ஆவுடையம்மாளின் குரலும் போகும். தூக்கிக்கொண்டு கடைக்குப் போகவும் பயம். அதைச் சட்டைப்பையில் போட்டுத் தர பென் டிரைவ் ஊருக்கு வந்து சேராத காலம் அது. சிடிதான் கதி.

மறுநாள் டீச்சர் வந்ததும் கம்ப்யூட்டர் பக்கம் போகவில்லை. நேரே கொல்லைக்குப் போனார்.

கொய்யா மரத்தில் பதினேழு சிடிகள் தொங்கின. அணிலை விரட்ட ஆவுடையம்மாள் கட்டியது. வீணான பொருளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற பெண் இல்லை அவள்.

டீச்சர் ஒரு சிடியைப் பிடித்து வெயிலில் சாய்த்துப் பார்த்தார். இன்னொன்று. இன்னொன்று. பிறகு கோமதிநாயகத்தைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பை அடக்குகிற முகம்.

"அண்ணாச்சி, அந்தக் கடைசி சிடியை எடுங்க. நீங்க எப்பவும் எப்படிச் செய்வீங்களோ அப்படியே செய்யுங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

கோமதிநாயகம் கைகழுவி வந்தார். சிடியின் விளிம்பை மட்டும் பிடித்து எடுத்தார். பளபளப்பான பக்கம் மேலே வரத் திருப்பினார். கண்ணை மூடித் திறந்தார். மார்க்கர் பேனாவை எடுத்து, நடு ஓட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

டீச்சரின் உள்ளங்கை சிடிக்கு மேலே குடையாக வந்து நின்றது.

"இது என்ன?"

"பிள்ளையார் சுழி."

"இந்தப் பக்கமா?"

"நீங்கதான டீச்சர் சொன்னீங்க? எழுத்து பளபளப்பான பக்கத்துலதான் விழும், உள்ளேயிருந்து வெளியே எழுதிக்கிட்டு வரும்னு. எழுதுற பக்கத்துல, எழுத்து தொடங்குற இடத்துலதான சுழி போடணும்?"

டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"பத்திரம் எழுதுறதுக்கு முன்னாடி, பேனா ஓடுதான்னு ஓரத்துல கிறுக்கிப் பாப்பீங்கள்லா?"

"பாப்பேன்."

"இந்த மிசினும் பாக்கும். எவ்வளவு சூடு வேணும்னு முதல்ல கிறுக்கிப் பாத்துட்டுத்தான் எழுதும்."

"எங்க கிறுக்கும்?"

டீச்சர் பேனாமுனை நின்ற இடத்தைப் பார்த்தார்.

கோமதிநாயகம் ஜன்னல் வழியே கொய்யா மரத்தைப் பார்த்தார். பதினேழு சுழிகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

"எப்படி டீச்சர் கண்டுபிடிச்சீங்க?"

"நான் எழுதுன மொத சிடில 786 போட்டேன். அதே இடத்துல."

அவருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் மார்க்கரை அவர் கீழே வைக்கவில்லை.

"மேல் பக்கத்துல போட்டுக்கிடுங்க" என்றார் டீச்சர்.

"அது அட்டை மாதிரி டீச்சர். அட்டைல சுழி போட்டா எழுத்துக்கு ஆகுமா? நாற்பது வருஷத்துல சுழி இல்லாம ஒரு வரி எழுதுனதில்ல. வேற என்னத்தை எழுதுனாலும் பரவாயில்ல. இது அவ குரல். இதை எப்படி வெறுமனே தொடங்க?"

கண் கலங்கித்தான் சொன்னார். மறைக்கவும் இல்லை.

டீச்சர் யோசித்தார்.

"உள்ள என்ன எழுதப்போறோம்னு பாத்தீங்களா?"

"இல்ல."

"வாசிக்காமலா பத்திரம் எழுதுவீங்க?"

டீச்சர் மவுஸை அவர் பக்கம் நகர்த்தினார்.

அவர் விரல் வெகுநேரம் அதன் மேலேயே இருந்தது. பிறகு அமுக்கினார்.

முதலில் நாற்காலி இழுபடும் சத்தம். ஒரு செருமல். அப்புறம் மூன்று மாதமாக வீட்டில் இல்லாத அந்தக் குரல்.

"பிள்ளையாரப்பா, நீதான் துணை. ஏங்க, கதவுகிட்ட நின்னு ஒட்டுக்கேக்காதீங்க."

அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. ஆவுடையம்மாள் ஈரக்கையோடு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கோமதிநாயகம் மார்க்கருக்கு மூடியைப் போட்டார். சிடியை வைத்து உள்ளே தள்ளினார்.

திரையில் பூஜ்யம் வந்தது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

ஒன்று.